நாம எந்த ஊரும்மா?

மாற்றல் உத்தியோகஸ்தரைக் கைப்பிடித்த சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிரைண்டரை எந்தப் பக்கமாகச் சாய்த்துக் கட்டினால் கல் உடையாது, கறிவேப்பிலைத் தொட்டியை லாரிக்காரர் ஏற்றிக்கொள்வாரா, புது ஊரில் புழுங்கலரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். கல்யாணமாகி வந்த இருபத்தோரு வருஷத்தில் நான் ஐந்து ஊர் பார்த்துவிட்டேன். சென்னை, விசாகப்பட்டினம், ஹைதராபாத், நாக்பூர், இப்போது புனே. ஒவ்வோர் ஊரிலும் பால்காரரின் பாஷையைக் கற்றுக்கொண்டு, வாசலில் கோலம் போட்டு, நாலு பேரைப் பழக்கம் பிடிப்பதற்குள் அடுத்த ஊருக்கு உத்தரவு வந்துவிடும். பழகிப் போய்விட்டது.

ஆனால் குழந்தைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டும்போது ஒரு கேள்வி வந்து வாசலில் நிற்கிறது பாருங்கள், அதற்கு மட்டும் நான் தயாராக இருக்கவில்லை. "இந்தப் பிள்ளை எந்த மாநிலம்?"

என் பெண் 2005-இல் பிறந்தவள். ஒன்று முதல் நாலு வரை விசாகப்பட்டினம். ஐந்திலிருந்து பத்து வரை ஹைதராபாத். பத்தாம் வகுப்பு முடித்தது 2021-இல், கொரோனாவால் சி.பி.எஸ்.இ. பரீட்சையே நடக்காத வருஷம். அந்த ஜூன் மாதமே நாக்பூருக்கு மாற்றல். பதினொன்றும் பன்னிரண்டும் அங்கே. கணக்கில் கெட்டி. இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். என் கணவர் வேலை பார்ப்பது தனியார் கம்பெனி. மாதச் சம்பளம் தவிர வேறு வரும்படி கிடையாது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தபோது வருஷத்துக்குச் சொன்ன தொகையைக் கேட்டு இவர் போனை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

2022 மார்ச்சில், பதினொன்றாம் வகுப்பு முடிகிற சமயம், பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள் ஒரு நாள் போஹா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்க பெண்ணை இங்கே இன்ஜினீயரிங்கில் சேர்க்க ஏ டைப்பா, பி டைப்பா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய பையன் அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தான், ஒவ்வொன்றாக விளக்கினார். மகாராஷ்டிராவில் பொதுவாக, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் அந்த மாநிலத்திலேயே தேறியிருக்க வேண்டும். அதோடு அங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது அங்கே குடியிருப்புச் சான்று இருக்க வேண்டும். அது ஏ டைப். தாய் தகப்பனில் ஒருவருக்காவது அங்கே குடியிருப்புச் சான்று இருந்தால் பி. மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு சி. எங்கள் பெண் பத்தாவது படித்தது ஹைதராபாதில். நாங்கள் நாக்பூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இவருக்கு சர்க்கார் உத்தியோகமும் இல்லை. மூன்று கதவும் சாத்தியாயிற்று.

சரி, ஆறு வருஷம் இருந்தோமே, ஹைதராபாத்? அங்கே 1974-இலிருந்தே ஒரு ஜனாதிபதி உத்தரவு இருக்கிறது. 'உள்ளூர் மாணவர்' என்று சொல்ல வேண்டுமானால், பொதுவாக, பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிற நாலு வருஷமும் தொடர்ச்சியாக அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். இவள் கடைசி இரண்டு வருஷத்தை நாக்பூரில் அல்லவா படிக்கிறாள்! ஆறு வருஷம் படித்தும் பிரயோஜனமில்லை. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் கேட்டேன். கர்நாடகாவில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குள் மொத்தம் ஏழு வருஷமாவது அங்கே படித்திருந்தால் வழி உண்டாம். நாங்கள் ஏழு நாள்கூட அங்கே தங்கியதில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என்.ஐ.டி. எனப்படும் மத்திய அரசின் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. அங்கே மாநிலம் என்று பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பு எங்கே தேறினாய் என்பதைத்தான். அந்தக் கணக்கில் என் பெண் சுத்த மராட்டியப் பெண்! ஒரு வாசலில் மராட்டி, இன்னொரு வாசலில் அவளே வெளியூர்க்காரி. ஜே.இ.இ. எழுதிப் பார்க்கத்தான் போகிறாள். ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு வருஷத்தைப் பணயம் வைக்க முடியுமா?

ராத்திரி சாப்பிடும்போது இதையெல்லாம் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சப்பாத்தியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்போ நாம எந்த ஊரும்மா?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு போனவள் வெகு நேரம் சமையலறையிலிருந்து வரவில்லை.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமம். இவருடைய தகப்பனார் அங்கேதான் விவசாயம் பார்த்தார். நான் பிறந்தது பக்கத்து டவுன். தமிழ்நாட்டு விதியை எனக்கு எடுத்துச் சொன்னவன் என் தம்பி. மதுரையில் வக்கீலாக இருக்கிறான். இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் எந்தச் சான்றும் தனியாக வேண்டாம். அப்படிப் படிக்காத, ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்த பிள்ளை என்றால், தாலுகா ஆபீஸிலிருந்து 'நேட்டிவிட்டி சர்டிபிகேட்' வாங்கிக் காட்ட வேண்டும். இதைச் சிலர் பிறப்பிடச் சான்று என்கிறார்கள், சிலர் இருப்பிடச் சான்று என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்ததற்குக் கொடுக்கிற பிறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. இன்ன விலாசத்தில் குடியிருக்கிறார் என்பதற்கான சான்றும் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஆபீஸில் இருப்பவர்களே சில சமயம் குழம்பிப் போகிறார்கள். ஆகையால் நேட்டிவிட்டி என்றே கேளுங்கள் சகோதரிகளே. தமிழ்ப் பற்று வேறு இடத்தில் இருக்கட்டும்.

தம்பியிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். "இந்தியா ஒரே நாடு, எங்கே வேணும்னாலும் இருக்கலாம்னு சொல்லிட்டு, பிள்ளையைப் படிக்க வைக்கப் போனா எந்த ஊர்னு கேட்டா என்னடா அர்த்தம்?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அக்கா, நீ கேட்ட கேள்வியை 1955-லேயே ஒருத்தர் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டுட்டார்" என்றான். இந்தூர் மருத்துவக் கல்லூரியில் அந்த ராஜ்யத்துக்காரர்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, வெளியார் மட்டும் கட்ட வேண்டும் என்று இருந்ததாம். டெல்லியிலிருந்து போன மாணவர் வழக்குப் போட்டார். அரசியல் சட்டம் பிறந்த இடத்தைக் காரணமாக வைத்து வேற்றுமை பார்க்கக் கூடாது என்கிறது. குடியிருக்கும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு என்று சொல்லி கோர்ட் அதைச் செல்லும் என்று தீர்த்துவிட்டது. பிறகு 1984-இல், இந்தியாவில் எல்லோருக்கும் இருப்பது ஒரே குடியுரிமை வாசஸ்தலம்தான், மாநிலத்துக்கு மாநிலம் அல்ல என்று அதே கோர்ட் சொல்லி, மருத்துவப் பட்டப்படிப்பில் இருக்கிற இடம் அத்தனையையும் உள்ளூர்க்காரர்களுக்கே வைத்துக்கொள்ளக் கூடாது, எழுபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. 1986-இல் அது மாறி, பதினைந்து சதவீதம் அகில இந்தியாவுக்கு, மீதி மாநிலத்துக்கு என்று ஆயிற்று. மேல்படிப்பான எம்.டி., எம்.எஸ். இடங்களில் குடியிருப்பை வைத்து ஒதுக்குவது செல்லாது என்று 2025 ஜனவரியில்தான் தீர்ப்பு வந்தது. ஆக, கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் கோர்ட்டில் ஜெயிக்கிற வரைக்கும் என் பெண் பன்னிரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்க முடியாதே!

தவிர, யோசித்துப் பார்த்தால் அந்த விதியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தந்த ஊர் ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கிற கல்லூரி. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளையின் இடத்தை டெல்லியில் டியூஷன் வைத்துப் படித்தவன் எடுத்துக்கொண்டு போனால் எனக்கே வயிறு எரியும். நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் எங்களைப் போல ஊர் ஊராகத் திரிகிறவர்கள்தான். எங்கள் குறை அவ்வளவே.

2022 மே மாதம் லீவு விட்டதும், நாக்பூர் வெயிலுக்குத் தப்பினாற்போலவும் ஆயிற்று என்று, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினேன். இவருக்கு லீவு கிடையாது. போவதற்கு முன்னால் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு ராத்திரி முழுக்கக் காகிதங்களைத் தேடினோம். இவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைத்தது, ஊர் அரசுப் பள்ளிக்கூடத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிற நம் வழக்கத்துக்கு இத்தனை மதிப்பு இருக்கும் என்று அப்போது யார் கண்டது! அதனால் அவள் பிறந்த இடம் எங்கள் டவுன் முனிசிபாலிட்டி கணக்கில் பதிவாகியிருந்தது. பையன் பிறந்தது விசாகப்பட்டினத்தில். அவனுடைய சான்றிதழில் தெலுங்கு எழுத்து.

பெட்டியின் அடியில், பட்டுப் புடவை சுற்றியிருந்த மல் துணிக்குள் என்னுடைய பிளஸ் டூ மார்க் ஷீட். 1998. டவுன் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. வீட்டில் படிக்க வைக்கவில்லை. இருபத்துநாலு வருஷமாக அந்தக் காகிதத்தை யாரும் கேட்டதில்லை, நானும் எடுத்துப் பார்த்ததில்லை. 'இதையும் வை' என்றார் இவர். 'இது எதுக்கு?' என்றேன். 'வை, இருக்கட்டும்' என்றார்.

இ-சேவை மையத்தில் பதிவு செய்தோம். முதலில் ஒரு பதிவு எண் வாங்க வேண்டும், பிறகு விண்ணப்பம், கட்டணம் 60 ரூபாய். காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, அதற்குப் பிறகு துணை தாசில்தார் கையெழுத்து. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே நகரும், போனுக்குச் செய்தி வரும் என்றார்கள். வெளியே வந்தபோது ஒருவர் நிழலில் நின்றுகொண்டு, "ஐயாயிரம் குடுங்கக்கா, மூணு நாள்ல கையில இருக்கும்" என்றார். எந்த ஆபீஸ் வாசல் என்று சொல்லப் போவதில்லை. இந்த நிழல் எல்லா ஊரிலும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் எங்கள் ஊர்ப் பிள்ளை என்பது உண்மை. உண்மைக்கு எதற்குப் பணம்?

எட்டாம் நாள் செய்தி வந்தது. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: ஆதாரில் விலாசம் வேறு மாநிலம்.

போய்க் கேட்டேன். கிராம நிர்வாக அலுவலர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க நாக்பூர்ல குடியிருக்கீங்க. ரேஷன் கார்டு இங்க இல்ல. பிள்ளை படிக்கிறதும் அங்க. நான் எப்படி அக்கா இங்க குடியிருக்காங்கன்னு எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா என் வேலைக்குல்ல உலை!" என்றார். "தம்பி, குடியிருக்கோம்னு நான் சொல்லலையே. இந்த ஊர்க்காரங்கன்னுதானே சொல்றேன்" என்றேன். அவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா, அல்லது எழுதுவதற்குப் பயமா, எனக்குத் தெரியாது. மாமா காலமானதும் 2011-இல் வயலை விற்றுவிட்டோம். எங்கள் பெயரில் ஊரில் ஒரு செண்டு நிலம் கிடையாது. அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹைதராபாத்ல என்னை மதராஸின்னு கூப்பிடுவாங்க. நாக்பூர்ல சௌத் இண்டியன். இங்க வந்தா நாக்பூர்." நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? வீட்டில் தமிழ் தவிர வேறு பேசவிட்டதில்லை. விளக்கேற்றியதும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்து, இதுபோன்ற பத்திரிகைகளைத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லி அவளுக்குத் தமிழ் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். லகரம், ளகரம் தடுமாறும். எழுதினால் பிழை வரும். ஆனால் ஆச்சியோடு போனில் ஒரு மணி நேரம் பேசுவாள். இதற்கெல்லாம் எந்த ஆபீஸில் சான்றிதழ் கொடுக்கிறார்கள்?

வீட்டில் அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போய், பூஜை அலமாரிக்கு மேலே இருந்த மஞ்சள் பையை எடுத்துவந்தார். அத்தை படித்ததில்லை, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் அந்தப் பைக்குள் வீட்டுத் தீர்வை ரசீது வருஷவாரியாக அடுக்கி, சணலால் கட்டி வைத்திருந்தார்! மாமாவின் தகப்பனார் பெயரில் பழைய பட்டா நகல், நாங்கள் கல்யாணமான புதிதில் இவர் பெயரும் என் பெயரும் சேர்ந்திருந்த பழைய ரேஷன் அட்டையின் ஜெராக்ஸ், எல்லாம் இருந்தது. "காயிதத்தத் தூரப் போடாதனு ஒங்க மாமா சொல்லுவாக" என்றார். நாம் வீடு மாறும்போதெல்லாம் எடைக்குப் போடுகிற காகிதங்களை நினைத்துக்கொண்டேன்.

பையை எடுத்துக்கொண்டு மறுநாள் தாலுகா ஆபீஸுக்கே போனேன். துணை தாசில்தார் ஓர் அம்மாள்; என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மத்தியானம் இரண்டு மணி வரை பெஞ்சில் காத்திருந்தோம். உள்ளே கூப்பிட்டதும் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். இவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும். பெண்ணின் பள்ளிக்கூடச் சான்றிதழில், வடக்கே கேட்கிறார்களே என்று, தகப்பன் பெயரை விரித்து, பின்னால் சேர்த்து எழுதியிருக்கிறது. "இது ரெண்டும் ஒரே ஆள்தானா?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல காலம், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் எழுதிய பத்திரம் ஒன்று, பாஸ்போர்ட்டுக்காக வாங்கியது, ஃபைலில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கையில் எடுத்தது என்னுடைய மார்க் ஷீட். "இது உங்களுதா? நீங்க இந்த ஸ்கூல்லயா படிச்சீங்க?" என்றார். "ஆமா மேடம்." "நானும் அங்கதான்" என்று சொல்வார் என்று நினைத்துவிடாதீர்கள், கதையில்தான் அப்படி வரும். அவர் சொன்னது வேறு. "அப்பா இங்க படிச்சிருக்கார், அம்மா இங்க படிச்சிருக்காங்க, பிள்ளை இங்க பிறந்திருக்கு, தாத்தா பேர்ல பட்டா இருந்திருக்கு, பாட்டி இன்னிக்கும் இங்கதான் தீர்வை கட்டறாங்க. குடும்பம் இந்த ஊர்தான்னு காட்ட இதுக்கு மேல என்ன வேணும்? பிழைப்புக்காக வெளியே போனவங்களுக்காகத்தானே இந்த சர்டிபிகேட்டே இருக்கு!" என்றார். புதிதாக விண்ணப்பம் போடச் சொல்லி, எந்தெந்தக் காகிதத்தை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். கிராமத்தில் நேரில் விசாரித்து அறிக்கை தரும்படி அலுவலருக்கும் போன் செய்தார்.

என் படிப்பு ஒரு பிரயோஜனத்துக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அந்த மார்க் ஷீட்டை மறுபடி மடிக்கும்போது, கணக்கில் நான் வாங்கியிருந்த மார்க்கை என் பெண் பார்த்துவிட்டாள். "அம்மா! நூத்தி எண்பத்தி நாலா! சொல்லவே இல்லையே!" என்றாள். நான் என்னத்தைச் சொல்ல!

நாலாம் நாள் விசாரணைக்கு வந்தார் அந்தச் சின்னத் தம்பி. பரம்பரைக் கர்ணம் முறை 1980-லேயே ஒழிந்துவிட்டாலும், அத்தைக்கு இன்றைக்கும் அவர் கர்ணம்தான். "வாங்க கர்ணம்" என்று திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்துவிட்டு, பேத்தியை முன்னால் நிறுத்தினார். "நல்லாப் பாத்துக்கிடும் தம்பி. இவ மூக்கு எங்க மாமியா மூக்கு. இவ இந்த ஊரு இல்லைன்னா நானும் இந்த ஊரு இல்ல" என்றார். எதிர்வீட்டு அண்ணாச்சியும் மளிகைக் கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். ஜூன் இரண்டாம் வாரம் சான்றிதழ் வந்துவிட்டது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஒற்றைத் தாள், டிஜிட்டல் கையெழுத்து. ஒருமுறை வாங்கினால் போதும், வருஷா வருஷம் வாங்க வேண்டாம்.

அந்த லீவிலேயே சாதிச் சான்றிதழையும் வாங்கிவிட்டோம். வேறு மாநிலத்தில் வாங்கியது இங்கே இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதால் இதையும் மறந்துவிடாதீர்கள். இன்னொன்று: இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு மாநிலத்தில் சொந்த ஊர் காட்டுகிற ஆசை வேண்டவே வேண்டாம். 2017-இல் நீட் வந்த பிறகு மருத்துவப் படிப்பில் இப்படி இரண்டு மாநிலத்திலும் இடம் கேட்டவர்களின் விவகாரம் சென்னை ஐகோர்ட் வரை போயிற்று. அசல் காகிதங்களை லாமினேட் செய்யாதீர்கள் என்றும் அந்தத் துணை தாசில்தார் அம்மாள் சொன்னார். பின்பக்க முத்திரையைப் பார்க்கச் சிரமமாகிறதாம். அதுபோல, வெளி மாநிலத்தவராக இருந்து தமிழ்நாட்டில் குடியேறியிருக்கும் சகோதரிகளின் பிள்ளைகள் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருந்தால் அவர்களும் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கலந்துகொள்ளலாம். ஆனால் பொதுப் பிரிவில் மட்டும்தான்.

2023-இல் கவுன்சலிங். 2018-லிருந்தே எல்லாம் ஆன்லைனில் என்பதால் நாக்பூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே கல்லூரிகளை வரிசைப்படுத்தினாள். கணக்குக்கு நூறு, பௌதிகத்துக்கு ஐம்பது, ரசாயனத்துக்கு ஐம்பது என்று இருநூறுக்குக் கணக்கிடுகிற கட்-ஆஃபில் அவள் எடுத்த மார்க்குக்கு, ஓர் அரசுக் கல்லூரியில் எலெக்ட்ரிகல் பிரிவு கிடைத்தது. ஜே.இ.இ.-யில் அவள் வாங்கிய ரேங்குக்கு என்.ஐ.டி. கிடைக்கவில்லை, மராட்டியப் பெண்ணாக இருந்தும்கூட! ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று இவர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "முதல் தடவையா நம்ம ஊருக்கு ஒருத்தருக்கு மாற்றல்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

2024-இல் பையன் எட்டாம் வகுப்புக்கு வந்த சமயம் எங்களுக்கு புனேக்கு உத்தரவு. உடனே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "எட்டாம் வகுப்பிலிருந்து ஊரில் விட்டுடுங்க, ஆச்சி பார்த்துக்கிடுவாக. ஐந்து வருஷம் அங்கே படிச்சா சர்டிபிகேட்டே வேண்டாம்" என்று சொந்தத்தில் எல்லோரும் ஒரே குரல். அத்தையும் ஆசைப்பட்டார். இவருக்கும் பாதி மனசு. எனக்கு ஒப்பவில்லை. பதின்மூன்று வயசுப் பிள்ளை. ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்குகிறவன். ஒரு விதிக்காக ஐந்து வருஷம் அவனைப் பிரிந்து இருப்பதா? அவனுக்கும் நேட்டிவிட்டி வாங்கினால் போச்சு என்றேன். விசாகப்பட்டினத்தில் பிறந்தவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று இவருக்குச் சந்தேகம். இரண்டு நாள் வீட்டில் பேச்சு நின்றிருந்தது.

அந்த மே மாதம் அதே மஞ்சள் பையோடு அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்தவர் பையனின் தெலுங்குச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகியிருந்ததால் பிழைத்தோம். அக்காவுக்குக் கொடுத்திருந்த சான்றிதழை மேலே வைத்தேன். தாய் தகப்பன் காகிதம் அதற்குக் கீழே. இருபது நாளாயிற்று, ஆனால் கிடைத்துவிட்டது. பையன் எங்களோடு புனேயில்தான் இருக்கிறான். மராட்டியில் கிரிக்கெட் கமெண்டரி சொல்கிறான். ஆச்சியிடம் திருநெல்வேலிப் பேச்சு பேசுகிறான்.

வீட்டுத் தீர்வையை இப்போது என் கொழுந்தனார் கட்டுகிறார். இந்த வருஷ ரசீதைப் போன வாரம் போனில் அனுப்பினார். அசலை அத்தை வாங்கிச் சணலில் சேர்த்துக் கட்டியாயிற்றாம். நான் இங்கே ஒரு பிரிண்ட் எடுத்து, என் மார்க் ஷீட் இருக்கிற உறையிலேயே போட்டு வைத்தேன்.